ஜாஸ் வரலாறு முழுவதையும் ஒரே பியானோவில் கேட்க முடியுமா?

"ஜாஸ் இப்போதுதான் கேட்க ஆரம்பித்திருக்கிறேன், ஸ்ட்ரைட், ஸ்விங், பீபாப் என்று ஆளுக்கொரு பெயர் சொல்கிறார்கள், இத்தனையையும் வாசித்து, சொந்தமாக இசையும் எழுதிய ஒரே ஒரு பியானோ கலைஞரைச் சொல்லுங்கள், அவர் வழியாகவே உள்ளே போய்க்கொள்கிறேன்" என்று கேட்டிருக்கிறீர்கள். இதற்கு வழக்கமாக ட்யூக் எலிங்டன் என்றோ ஹெர்பி ஹான்காக் என்றோ பதில் வரும். தப்பில்லை. ஆனால் எலிங்டன் தனக்கென்று ஓர் உலகத்தைக் கட்டிக்கொண்டு அதிலேயே வாழ்ந்தவர், ஹான்காக் மேடைக்கு வந்தபோது, 1940-களில் பிறந்த வேகமும் சிக்கலும் நிறைந்த பாணியான பீபாப் பழைய செய்தியாகியிருந்தது. நீங்கள் தேடும் ஆள் மேரி லூ வில்லியம்ஸ். 1927-இல் முதல் இசைத்தட்டு, 1978-இல் கூட ஸ்விட்சர்லாந்தின் மான்ட்ரோ ஜாஸ் விழாவில் தனி பியானோ கச்சேரி. இந்த ஐம்பது வருஷத்தில் ஜாஸ் எடுத்த திருப்பங்கள் எல்லாவற்றிலும் அவர் கை இருக்கிறது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இவரைப் பற்றி எழுதுகிறவர்கள் "காலத்துக்கேற்பத் தன்னை மாற்றிக்கொண்டவர்" என்று பாராட்டுவார்கள். எனக்கு இந்தப் பாராட்டு பிடிப்பதில்லை. புது பாணி வந்த பிறகு ஓடிப்போய்க் கற்றுக்கொண்டவர் போல அது அவரைக் காட்டுகிறது. பல தடவை அந்தப் புது பாணி உருவானதே அவர் வீட்டுக் கூடத்தில்தான். வலது கை எந்தக் காலத்துக்குப் போனாலும் இடது கை ஜாஸுக்கே வேரான கறுப்பின மக்களின் இசை, ப்ளூஸை விட்டு நகரவேயில்லை. இதை மனதில் வைத்துக்கொண்டு கேட்டால் அவருடைய அரை நூற்றாண்டும் ஒரே கோட்டில் வந்துவிடும்.

பிறந்தது 1910 மே 8, அட்லாண்டாவில். பெயர் மேரி எல்ஃப்ரீடா ஸ்க்ரக்ஸ். சின்ன வயதிலேயே குடும்பம் பிட்ஸ்பர்க் நகரின் ஈஸ்ட் லிபர்ட்டி பகுதிக்குக் குடிபெயர்ந்தது. அம்மா ஆர்கன் வாசிப்பவர். மடியில் உட்கார்ந்திருந்த குழந்தை அம்மா வாசித்ததை அப்படியே திருப்பி வாசித்ததாக மேரி லூவே சொல்லியிருக்கிறார். அதன் பிறகு அம்மா செய்ததுதான் விசேஷம்: குழந்தைக்குப் பியானோ வாத்தியார் வைக்க மறுத்துவிட்டார். நோட்டைப் பார்த்து வாசிக்கப் பழகியதால் தனக்குக் காதால் வாசிக்கும் திறமை போய்விட்டது, மகளுக்கும் அது நடக்கக்கூடாது என்பது அவர் எண்ணம். வாத்தியாருக்குப் பதில் வீட்டுக்கு வந்து போன இசைக்காரர்களை வாசிக்கச் சொல்லிக் கேட்க வைத்தார்.

அந்தத் தெருவில் கறுப்பினக் குடும்பம் வந்தது பிடிக்காமல் அண்டை வீட்டு வெள்ளையர்கள் வீட்டுக்குள் செங்கல் எறிந்தார்கள். இந்தச் சிறுமி அவர்கள் வீடுகளுக்கே போய் பியானோ வாசிக்க ஆரம்பித்த பிறகு அது நின்றது. மாற்றாந்தந்தை ஃப்ளெட்சர் பர்லி வேறு விதமான ஆள். பெரிய கோட்டுக்குள் இவரை மறைத்துச் சூதாட்ட விடுதிகளுக்குக் கூட்டிப்போய், தொப்பியில் தானே முதல் டாலரைப் போட்டு மற்றவர்களையும் போடவைப்பார். அங்கே கேட்டது, இடது கை ஒரே சுழற்சியைத் திரும்பத் திரும்ப வாசிக்கும் பூகி-வூகியும், ப்ளூஸும். ஊரில் பெரிய பணக்காரர்களான மெலன் குடும்பத்து விருந்துகளிலும் அந்த வயதிலேயே வாசித்தார்.

அதே ஊரில் ஒரு அரங்கில் லவி ஆஸ்டின் என்ற பியானோ கலைஞரைப் பார்த்தது அவருக்குக் கடைசிவரை மறக்கவில்லை. ஆண்கள் நிறைந்த இசைக்குழுவின் நடுவே கால்மேல் கால் போட்டு, வாயில் சிகரெட்டோடு, இடது கையால் நடக்கும் நிகழ்ச்சிக்கு வாசித்துக்கொண்டே வலது கையால் அடுத்த நிகழ்ச்சிக்கான இசையை எழுதிக்கொண்டிருந்தாராம். பின்னாளில் ஒவ்வோர் இரவும் ஒவ்வோர் ஊர் என்று சுற்றிய காலத்தில் தானும் அதையே செய்ததாக மேரி லூ சொல்வார், இடது கையில் வாசிப்பு, வலது கையில் பென்சில்.

பன்னிரண்டு, பதின்மூன்று வயதிலேயே வோட்வில் எனப்படும் பலவகைக் கேளிக்கைக் குழுக்களோடு ஊர் ஊராகப் போக ஆரம்பித்துவிட்டார். அங்கே சந்தித்த சாக்ஸபோன் கலைஞர் ஜான் வில்லியம்ஸைப் பதின்ம வயதிலேயே திருமணம் செய்துகொண்டார், 1927-இல் வந்த அந்த முதல் தட்டுகளும் ஜானின் குழுவோடுதான். ஜான் ஓக்லஹோமா பக்கம் ஓர் இசைக்குழுவில் சேர, மனைவி கூடவே போனார், ஆனால் குழுவில் அவருக்கு இடமில்லை. டல்சாவில் இருந்தபோது சவ அடக்கக்காரர் ஒருவருக்கு வண்டி ஓட்டியிருக்கிறார். அந்தக் குழுவின் பொறுப்பு 1929-இல் ஆண்டி கர்க் கைக்கு வந்தது, பெயர் "ட்வெல்வ் க்ளவுட்ஸ் ஆஃப் ஜாய்". கான்சஸ் சிட்டியில் ப்ரன்ஸ்விக் நிறுவனத்துக்குப் பதிவு நடந்த நாளில் வழக்கமான பியானோக்காரர் வரவில்லை, மேரி லூவை உட்கார வைத்தார்கள். நிறுவனத்தின் ஜாக் கேப்புக்கு அந்த வாசிப்பு பிடித்துப்போக, 1930-இல் சிகாகோவில் தனியாக இரண்டு பக்கம் பதிவு செய்யச் சொன்னார்: "நைட் லைஃப்", "ட்ராக் எம்". மேரி லூ என்ற பெயர் ஒட்டிக்கொண்டதும் அவரால்தான்.

"நைட் லைஃப்" அங்கேயே உட்கார்ந்து உருவாக்கியது. யூடியூபில் இருக்கிறது, தயவுசெய்து கேளுங்கள், மூன்று நிமிஷம்தான். ஸ்ட்ரைட் பாணியில் இடது கை கீழே ஒரு பேஸ் சுரத்தை அடித்துவிட்டு உடனே மேலே தாவி கார்டைப் (பல சுரங்கள் சேர்ந்தொலிக்கும் அடுக்கு) பிடிக்கும், திரும்ப கீழே, திரும்ப மேலே. பேஸ்காரர், கிட்டார்காரர் இருவர் வேலையையும் அந்த ஒரு கையே பார்த்துக்கொள்வதால் வலது கைக்கு முழுச் சுதந்திரம். இருபது வயதுகூட நிறையாத நேரத்தில் அதை இந்த வேகத்தில், ஒரு இடத்திலும் தாளம் சரியாமல் வாசிக்கிறார். இந்தத் தட்டுகளுக்குத் தனக்கு ராயல்டி வரவில்லை என்று பின்னாளில் சொன்னார். அவர் வாழ்க்கை முழுக்க இந்தக் கதைதான், 1940-இல் ஜிம்மி லன்ஸ்ஃபோர்ட் குழு பதிவு செய்த இவருடைய "வாட்ஸ் யுவர் ஸ்டோரி, மார்னிங் குளோரி"யையும் 1948-இல் வேறு இருவர் பெயரில் வந்து பெரும்புகழ் பெற்ற "பிளாக் காஃபி"யையும் அடுத்தடுத்துக் கேட்டால், இரண்டு மெட்டும் எவ்வளவு நெருக்கம் என்று தெரியும், நான் சொல்வது புரியும்.

சரி, அரேஞ்ச்மென்ட். பெரிய இசைக்குழு ஜாஸில் மெட்டு போடுவது பாதி வேலைதான். எந்த வாத்தியம் எதை, எங்கே, யாரோடு சேர்ந்து வாசிக்க வேண்டும் என்று எழுதுகிறவர்தான் அந்தக் குழுவின் குரலையே தீர்மானிக்கிறார். மேரி லூவுக்கு ஆரம்பத்தில் நோட்டு எழுதத் தெரியாது. மனதில் இருந்ததைச் சொல்லச் சொல்ல ஆண்டி கர்க் எழுதிக்கொண்டார், சீக்கிரமே தானே எழுதப் பழகிவிட்டார். 1930-களின் நடுவில் குழுவின் பியானோவும் அவர்தான், முக்கிய அரேஞ்சரும் அவர்தான். 1936-இல் வந்த "வாக்கின் அண்ட் ஸ்விங்கின்" இதற்கு நல்ல உதாரணம். சாக்ஸபோன் வரிசையில் இன்னும் ஒரு குரல் வேண்டியிருந்தது, ஆள் இல்லை. ஒரு டிரம்பெட்டை எடுத்து, அதன் ஒலியை மட்டுப்படுத்தி, சாக்ஸபோன்களோடு சேர்த்து எழுதிவிட்டார். கேட்கும்போது அது டிரம்பெட் என்று சட்டென்று தெரியாது, ஆனால் அந்த வரிசை முழுவதும் வேறொரு நிறத்துக்குப் போய்விடுகிறது. அந்தப் பாட்டில் வரும் ஒரு சின்னச் சொற்றொடர்தான் பல வருஷம் கழித்து பீபாப் பியானோ கலைஞர் தெலோனியஸ் மாங்க்கின் "ரிதம்-எ-நிங்"கில் தலைகாட்டுகிறது. மாங்க் ரசிகர்கள் பலருக்கு இது தெரியாது.

கான்சஸ் சிட்டி அப்போது டாம் பென்டர்காஸ்ட் என்ற அரசியல் தாதாவின் பிடியில் இருந்த ஊர். மதுவிலக்கும் பொருளாதார வீழ்ச்சியும் நாட்டையே உலுக்கினாலும் அங்கே கிளப்புகள் விடிய விடிய திறந்திருந்தன, இசைக்காரர்களுக்குப் பஞ்சமில்லாமல் வேலை கிடைத்தது. ஒரு நாள் விடிகாலை நான்கு மணிக்கு யாரோ ஜன்னலைச் சுரண்ட, எழுந்து பார்த்தால் சாக்ஸபோன் கலைஞர் பென் வெப்ஸ்டர். இன்னொரு பெரிய சாக்ஸபோன் கலைஞரான கோல்மன் ஹாக்கின்ஸ் ஊருக்கு வந்திருக்கிறார், செர்ரி பிளாசம் கிளப்பில் போட்டி நடக்கிறது, பியானோக்காரர்கள் எல்லாரும் களைத்துவிட்டார்கள், நீ வா என்று கூப்பிட்டிருக்கிறார். போய்ப் பார்த்தால் ஹாக்கின்ஸ் சட்டையைக் கழற்றிவிட்டு ஊதிக்கொண்டிருக்கிறார், எதிரே லெஸ்டர் யங், ஹெர்ஷல் எவன்ஸ், வெப்ஸ்டர். லெஸ்டரிடம் ஹாக்கின்ஸ் தோற்றார் என்பது மேரி லூவின் தீர்ப்பு. கதையில் கொஞ்சம் மசாலா சேர்ந்திருக்கலாம், ஆராய்ச்சியாளர்கள் விவரங்களில் சண்டை போடுகிறார்கள். ஆனால் அந்த ஊரில் அந்த நேரத்தில் கதவைத் தட்டி எழுப்ப வேண்டிய பியானோ யாருடையது என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை.

பெரிய இசைக்குழுத் தலைவர் பென்னி குட்மனுக்காக 1937-இல் எழுதிய "ரோல் எம்" பூகி-வூகியைப் பெரிய இசைக்குழுவுக்குள் கொண்டுவந்த பாட்டு. சூதாட்ட விடுதியில் சிறுமியாகக் கேட்ட அதே இடது கைச் சுழற்சிதான் அது, இப்போது ஒரு குழுவே அதை வாசிக்கிறது. குட்மன் தனக்கு மட்டும் எழுதச் சொன்னார், இவர் ஒத்துக்கொள்ளவில்லை. டாமி டோர்சி, ஏர்ல் ஹைன்ஸ், லன்ஸ்ஃபோர்ட் என்று பலருக்கும் எழுதினார். கர்க்கின் குழுவில் பணமும் மரியாதையும் தேய்ந்துகொண்டே வர, 1942-இல் விலகினார். ஜானோடு மணவாழ்க்கையும் அதற்குள் முடிந்திருந்தது. டிரம்பெட் கலைஞர் ஹரல்ட் "ஷார்ட்டி" பேக்கரை மணந்தார், அவர் எலிங்டன் குழுவில் சேர, "ப்ளூ ஸ்கைஸ்" மெட்டை எடுத்து எலிங்டனின் டிரம்பெட்காரர்களுக்காக "டிரம்பெட் நோ எண்ட்" என்று இவர் எழுதிக் கொடுத்தது ஒரு வெறியாட்டம். அந்தத் திருமணமும் நிலைக்கவில்லை.

அப்புறம் நியூயார்க். கறுப்பினத்தவரும் வெள்ளையரும் ஒரே மேஜையில் உட்காரக்கூடிய அபூர்வமான கிளப்பாக இருந்த கஃபே சொசைட்டியில் நிரந்தர வேலை, வானொலியில் வாராந்தர நிகழ்ச்சி. ஹார்லெமில் ஹாமில்டன் டெரஸில் ஒரு அடுக்ககம். இந்த வீட்டைப் பற்றித்தான் முதலில் சொன்னேன். வேலை முடிந்து விடிகாலையில் பீபாப்பை உருவாக்கிய இளைஞர்கள் மாங்க், பட் பவல், டாட் டேமரன், டிஸ்ஸி கில்லெஸ்பி எல்லாரும் அங்கே வருவார்கள், புதிதாக எழுதியதை வாசித்துக் காட்டுவார்கள், இவர் அபிப்பிராயம் சொல்வார். 1930-களின் பெரிய இசைக்குழு நடன இசையான ஸ்விங்கின் தலைமுறையைச் சேர்ந்த பெரிய பெயர்கள் பலரும் பீபாப்பைச் சீன பாஷை, சத்தம் என்று கிண்டல் செய்துகொண்டிருந்த நேரம் அது. இவர் தன் வீட்டுக்கு வந்த அந்த இளைஞர்களைவிடச் சில வருஷம்தான் மூத்தவர், ஆனால் அனுபவத்தில் ஒரு தலைமுறை மூத்தவர். 1949-இல் டிஸ்ஸியின் குழு பதிவு செய்த "இன் தி லேண்ட் ஆஃப் ஊ-ப்ளா-டீ" மில்டன் ஓரெண்டோடு சேர்ந்து இவர் எழுதியது.

என்னைக் கேட்டால் அவருடைய உச்சம் 1945-இன் "ஸோடியாக் ஸூட்". பன்னிரண்டு ராசிகளுக்குப் பன்னிரண்டு பகுதிகள். ஜோசியம் என்றதும் முகம் சுளிக்காதீர்கள், அது ஒரு சாக்கு. ஒவ்வொரு ராசியிலும் பிறந்த தன் நண்பர்களை வரைகிறார். மேஷத்தில் பென் வெப்ஸ்டரும் பாடகி பில்லி ஹாலிடேயும், துலாத்தில் மாங்க், டிஸ்ஸி, பட் பவல், ஆர்ட் டேட்டம் எல்லாரும். சில பகுதிகளை எழுதிவிட்டு மீதியை வாராவாரம் வானொலி நிகழ்ச்சியில் வாசித்தபடியே உருவாக்கினார். ஆல் லூகஸ் பேஸ், ஜாக் பார்க்கர் டிரம்ஸ் என்று மூவராக மோ ஆஷின் நிறுவனத்துக்குப் பதிவு செய்தது நிதானமான, வினோதமான இசை, நடுநடுவே தாளம் நின்றுவிடும், பிரெஞ்சு செவ்வியல் இசையமைப்பாளர் டெபுஸ்ஸியின் வாடை அடிக்கும், சட்டென்று ப்ளூஸ் எட்டிப்பார்க்கும். 1945 டிசம்பர் 31 அன்று நியூயார்க் டவுன் ஹாலில் சிறிய செவ்வியல் குழுவோடு மேடையேற்றினார். ஒத்திகை போதவில்லை, குழு தடுமாறியது பதிவில் நன்றாகவே கேட்கிறது. அடுத்த வருஷம் இதிலிருந்து மூன்று பகுதிகள் கார்னகி ஹாலில் சிம்ஃபொனி இசைக்குழுவோடு அரங்கேறின. ஒரு ஜாஸ் கலைஞர், அதுவும் கறுப்பினப் பெண், 1946-இல் இதைச் செய்தது சாதாரணமில்லை. அதற்குக் கிடைக்க வேண்டிய பேச்சு கிடைக்கவில்லை. எலிங்டன் எழுதிய நீண்ட படைப்புகளைப் பற்றி அலமாரி அலமாரியாக எழுதியவர்கள் இதை ஒரு வரியில் கடந்துபோனார்கள். பியானோ கலைஞர்கள் 2006-இல் ஜெரி ஆலனும் 2023-இல் ஆரன் டீலும் மறுபடி பதிவு செய்த பிறகுதான் நிலைமை கொஞ்சம் மாறியிருக்கிறது.

1952-இல் கொஞ்ச நாள் வேலை என்று இங்கிலாந்து போனவர் இரண்டு வருஷம் ஐரோப்பாவிலேயே இருந்துவிட்டார். கையில் பணம் நிற்கவில்லை, மனசு சரியில்லை. நெருங்கிய நண்பரான பியானோ கலைஞர் கார்லண்ட் வில்சன் 1954-இல் பாரிஸில் இறந்துபோனார். அதே வருஷம் பாரிஸில் ஒரு கிளப்பில் வாசித்துக்கொண்டிருந்த மேரி லூ எழுந்து போய்விட்டார். இனி வாசிப்பதில்லை என்று முடிவு. நியூயார்க் திரும்பிய சில மாதங்களில் பீபாப் சாக்ஸபோன் கலைஞர் சார்லி பார்க்கரும் இறந்துபோனார். பிரார்த்தனை, உபவாசம், போதையில் சிக்கிய இசைக்காரர்களை வீட்டில் தங்கவைத்துச் சோறு போடுவது என்று நாட்கள் போயின. 1957-இல் டிஸ்ஸியின் மனைவி லொரெய்னோடு சேர்ந்து கத்தோலிக்கத் திருமுழுக்கு பெற்றார். நோயுற்ற இசைக்காரர்களுக்காக பெல் கான்டோ என்று ஓர் அறக்கட்டளை தொடங்கி, அதற்குப் பணம் சேர்க்கப் பழைய துணி, சாமான் விற்கும் கடையும் நடத்தினார். இசையை விட்டுவிடாதே, உன் பிரார்த்தனையே அதுதான் என்று அவருக்கு எடுத்துச் சொல்லித் திரும்ப பியானோ முன்னால் உட்காரவைத்தவர்கள் பாதிரியார்கள். 1957 நியூபோர்ட் ஜாஸ் விழாவில் டிஸ்ஸியின் பெரிய குழுவோடு ஸோடியாக்கிலிருந்து சில பகுதிகளை வாசித்தார்.

மதம் மாறிய கலைஞரின் இசை சாதுவாகிவிடும் என்பார்கள். இவர் விஷயத்தில் நேர்மாறு. 1962-இல் புனிதராக அறிவிக்கப்பட்ட பெரு நாட்டுத் துறவி மார்ட்டின் தெ போரஸுக்காக அதே வருஷம் எழுதிய "பிளாக் கிரைஸ்ட் ஆஃப் தி ஆண்டிஸ்" பெரும்பாலும் வாத்தியமே இல்லாத பாடகர் குழு இசை. அந்தக் குரல்கள் அடுக்கும் கார்டுகள் எந்தக் கோயிலிலும் அதுவரை கேட்டிருக்காதவை. இந்த இசையை அவரே தொடங்கிய மேரி ரெக்கார்ட்ஸில் வெளியிட்டார். அதே காலத்துப் பதிவான "எ ஃபங்கஸ் அமங்கஸ்" இன்னொரு அதிசயம், சுருதி சேராத, நொறுங்கிய தனி பியானோ. வழக்கமான மெட்டையும் தாளத்தையும் உதறிய அவாங்கார்ட் ஜாஸ் வேரை இழந்துவிட்டது என்று வாழ்நாள் முழுக்கத் திட்டியவர் அதை இவ்வளவு நன்றாக வாசித்து வைத்திருக்கிறார்! பிறகு மூன்று திருப்பலி இசைகள். கடைசியானது "மேரி லூஸ் மாஸ்", அதை 1971-இல் நடன இயக்குநர் ஆல்வின் ஐலி நடனமாக்கினார், 1975-இல் நியூயார்க் புனித பேட்ரிக் பேராலயத்தில் திருப்பலியிலேயே அது வாசிக்கப்பட்டது.

எழுபதுகளில் பீட்டர் ஓ'ப்ரையன் என்ற இளம் இயேசு சபைக்காரர் அவருடைய மேலாளர். பழைய கஃபே சொசைட்டி முதலாளி பார்னி ஜோசப்சன் நடத்திய குக்கெரி என்ற உணவகத்தில் நிரந்தர வாசிப்பு. சாப்பாட்டுக் கூச்சலுக்கு நடுவே பியானோ. அங்கே அவரைக் கேட்க வந்தவர்களில் ஒருவர் செசில் டெய்லர், அதாவது இவர் திட்டிய அந்த அவாங்கார்டின் தலைமகன். இருவரும் சேர்ந்து வாசிக்கலாம் என்று இவரே அழைத்தார். 1977 ஏப்ரல் 17, கார்னகி ஹால், இரண்டு பியானோ. முதலில் ஜாஸின் வரலாற்றைப் படிப்படியாகத் தான் வாசிக்க, அவர் கூட வர வேண்டும் என்பது மேரி லூவின் திட்டம். டெய்லர் தன் வழியிலேயே புயலாக வாசித்தார். பாப் க்ரான்ஷாவும் மிக்கி ரோக்கரும் பேஸ், டிரம்ஸில் வந்தபோதும் சமாதானம் ஏற்படவில்லை. "எம்ப்ரேஸ்டு" என்ற பெயரில் அது தட்டாக வந்தபோது விமர்சகர்கள் பாதிப் பேர் விபத்து என்றார்கள். எனக்கு அது தோல்வியாகத் தெரியவில்லை, அறுபத்தாறு வயதில் இப்படியொரு ஆளைப் பக்கத்தில் உட்கார வைக்கும் துணிச்சல் எத்தனை பேருக்கு இருக்கும்? ஒரு இடத்தில் டெய்லர் சுரங்களைக் கொட்டிக்கொண்டே இருக்கும்போது இவர் இடது கையில் ப்ளூஸைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நிற்பார், அதைக் கவனியுங்கள்.

அதே வருஷம் வட கரோலினாவின் டியூக் பல்கலைக்கழகத்தில் ஆசிரியர் பணி கிடைத்தது. கடைசிக் காலத்தில்தான் ஒழுங்கான சம்பளம், சொந்த வீடு. மாணவர்கள் கூட்டமாக வந்தார்கள். ப்ளூஸில் தொடங்கி வரலாற்றை வாசித்துக் காட்டியே பாடம். 1981 மே 28 அன்று டர்ஹம் நகரில் புற்றுநோயால் இறந்தார், அடக்கம் பிட்ஸ்பர்கில்.

கேட்கும் வரிசை: "நைட் லைஃப்", "வாக்கின் அண்ட் ஸ்விங்கின்", "ரோல் எம்" மூன்றும் ஒரே மாலையில் முடிந்துவிடும். ஸோடியாக்கில் 1945 மூவர் பதிவை முதலில் கேளுங்கள், டவுன் ஹால் பதிவு அப்புறம் போதும். 1974-இன் "ஸோனிங்" தட்டை இரவில் நல்ல ஹெட்ஃபோனில். "எம்ப்ரேஸ்டு" கடைசியில்தான், அதுவும் பக்கத்தில் யாரும் தூங்காத நேரமாகப் பார்த்து.